வாய்ப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையும் அதன் பிறகான மாதங்களும்: நோயாளிக்கும் வீட்டாருக்கும் முழுமையான வழிகாட்டி

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஆறாமல் இருந்த புண் புற்றுநோய்தான் என்று அறிக்கை வந்துவிட்டால், வீட்டில் எல்லோருடைய எண்ணமும் ஆபரேஷன் ஒன்றையே சுற்றி வருகிறது. பணம் புரட்டுவது, விடுப்புச் சொல்வது, சாமிக்கு முடிந்துவைப்பது எல்லாம் அந்த ஒரு நாளைக் கருதித்தான். ஆள் நல்லபடியாக வீடு திரும்பியதும் கண்டம் தாண்டிவிட்டதாக நினைத்து, அடுத்து வரச் சொன்ன தேதிக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாய்ப் புற்றுநோயில் பலருக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படும். அந்தக் கதிர்வீச்சு, அறுவை நடந்த நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குமேல் தள்ளிப்போனால், கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் செல்கள் மறுபடி வளர்ந்துவிடும் அபாயம் கூடுகிறது. இந்த ஆறு வாரக் கணக்கை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பல் எப்போது பிடுங்குவது, எங்கே தங்குவது, யார் எத்தனை நாள் விடுப்பு எடுப்பது என்று எல்லாவற்றையும் அதிலிருந்துதான் திட்டமிட வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. என் தந்தைக்கு இடது கன்னத்தில் இந்த நோய் வந்தபோது உடனிருந்தேன். பின்னர் உறவிலும் தெருவிலும் சிலருக்குத் துணையாகப் போயிருக்கிறேன். மருந்து, அளவு, சிகிச்சை முறை எதுவானாலும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவும்.

அறுவைத் தேதி குறிக்கும் முன்

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. பயாப்ஸி, அதாவது சோதனைக்காகச் சிறிது சதை எடுத்ததால், வாய்ப் புற்றுநோய் பரவியது என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் நாட்டு மருந்தும் மந்திரமுமாக இரண்டு மூன்று மாதம் ஓட்டுவதுதான் நோயைக் கழுத்து நெறிக்கட்டிகளுக்குக் கொண்டுபோகிறது. முதலில் கையளவு சிறிய அறுவையில் முடிந்திருக்க வேண்டியது, தாடை எலும்பை எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடும்.

பயாப்ஸிக்குப் பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எலும்பைத் தொட்டிருக்கிறதா, கழுத்தில் நெறிக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாக்குக்கு எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும், எலும்புக்கு சி.டி. நல்லது. பெட் ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. அது எடுக்காவிட்டால் சிகிச்சையில் குறை என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. போகும்போது பயாப்ஸி அறிக்கையின் நகல் மட்டும் போதாது. எடுத்த சதையைப் பதித்துவைத்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) மெழுகுக் கட்டையையும் (பிளாக்) ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் தாங்களே பார்த்து உறுதிசெய்வார்கள், மறுபடி சதை எடுக்க வேண்டிவராது. ஆனால் இந்த அலைச்சலை ஒரு வாரம், பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறதா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மூன்று துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அறுவை ஓரிடத்தில், கதிர்வீச்சு ஊருக்கு அருகில் வேறோரிடத்தில் என்றும் செய்துகொள்ளலாம். அப்படியானால் கதிர்வீச்சு மருத்துவரை அறுவைக்கு முன்பே ஒருமுறை பார்த்துப் பதிவு செய்துவைத்துவிடுங்கள். பின்னால் வரிசையில் நின்று நாளை இழக்காமல் இருக்கலாம்.

நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்

"அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்" என்று அறைக்கு வெளியே கெஞ்சும் பிள்ளைகளைப் பல முறை பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் இந்த நோயில் அது பெரும் கெடுதலாக முடிகிறது. விழித்துப் பார்க்கும்போது நாக்கில் பாதி இல்லை, தொண்டையில் குழாய், பேச முடியவில்லை என்றால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? "சின்னப் புண், சுத்தம் பண்ணப்போகிறார்கள்" என்று சொல்லி அழைத்துவந்த மகனை அவர் அதற்குப் பிறகு நம்புவாரா? கதிர்வீச்சின் நான்காவது வாரத்தில் வலி தாங்காமல் "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்பவரிடம் என்ன காரணம் சொல்லி நிறுத்துவீர்கள்?

பெரும்பாலானோர் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். என் தந்தை, "பெயரைச் சொல்லேன், நான் என்ன குழந்தையா?" என்றுதான் கேட்டார். நோயின் பெயர், எதை எடுக்கப்போகிறார்கள், எவ்வளவு நாள் பேச முடியாது, அதன் பிறகு என்ன சிகிச்சை என்ற நான்கையும் மருத்துவரே அவரிடம் நேரில் சொல்லட்டும். ஒப்புதல் கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும்.

புகையிலை, குடி, பல், எடை

வெற்றிலையோடு புகையிலை, பீடி, சிகரெட், பாக்குப் பொட்டலம் எதுவானாலும் அறிக்கை வந்த அன்றே நிறுத்த வேண்டும். புகைப்பவருக்குக் காயம் ஆறுவது தாமதமாகும். ஒட்டவைத்த சதை பிடிக்காமல் போகும் அபாயம் அதிகம். கதிர்வீச்சின் பலனும் குறையும். தனியாக விட முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற தேசிய புகையிலை விடுப்பு உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

குடிப்பழக்கத்தை மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தும்போது, இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், பிதற்றல், வெறி, வலிப்பு வரக்கூடும். அது சரியாக அறுவைக்கு அடுத்த நாட்களில் வந்து, குழாய்களைப் பிடுங்கி எறிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். மருமகள் முன்னால், மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகள், சித்த மருந்து, லேகியம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள்.

பல் விஷயத்தைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு அந்த இடத்தில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் நிலை வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதனால் சொத்தைப் பற்கள், ஆடும் பற்கள் எல்லாம் கதிர்வீச்சு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வெளியே வந்து ஈறு ஆறியிருக்க வேண்டும். அறுவையின்போதே, மயக்கத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் செய்கிறார்கள். நாளும் மிச்சம், வலியும் மிச்சம்.

வலியால் சாப்பிட முடியாமல் எடை குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்குமேல் இறங்கியிருந்தால், அறுவைக்கு முன்பே மூக்கு வழியாகக் குழாய் போட்டு உடம்பைத் தேற்றுவதும் உண்டு.

எதை வெட்டுவார்கள், ஏன் கழுத்தையும்?

புண்ணைச் சுற்றி நல்ல சதையும் ஓரமாகச் சேர்த்து எடுப்பார்கள். எலும்பைத் தொட்டிருந்தால் தாடையின் ஒரு பகுதியும் போகும். "புண் நாக்கில்தானே, கழுத்தை ஏன் கிழிக்க வேண்டும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். வாயிலிருந்து நோய் முதலில் போய்ச் சேரும் இடம் கழுத்தின் நிணநீர் முடிச்சுகள். ஸ்கேனில் தெரியாமலே அங்கே இருக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோயாளிகளில், கழுத்து முடிச்சுகளை முதலிலேயே எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர்; கட்டி தெரிந்தபின் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடு. உலகம் முழுவதும் பின்பற்றப்படும் இந்த முடிவு நம் நாட்டு நோயாளிகளிடமிருந்து கிடைத்தது.

எடுத்த இடத்தை நிரப்ப உடலின் வேறு பகுதியிலிருந்து சதை கொண்டுவருவார்கள். மார்புத் தசை, முன்கைத் தோல், தொடை, தாடைக்காகக் காலின் சிற்றெலும்பு என்று இடம் மாறும். முன்கைத் தோல் என்று முடிவானால் பெரும்பாலும் இடக் கையைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கையில் ஊசியோ குளுக்கோஸ் ஏற்றும் குழாயோ போட வேண்டாம் என்று செவிலியரிடம் நினைவூட்டுங்கள். மார்பிலிருந்தோ கையிலிருந்தோ வந்த தோலில் வாய்க்குள் முடி முளைப்பதும் நடக்கும், பயப்பட வேண்டாம்.

அறுவை நாளும் முதல் வாரமும்

இரத்தக் குழாய்களை இணைத்துச் சதை ஒட்டும் அறுவை எட்டு, பத்து மணி நேரம்கூட நீளும். நேரம் ஆக ஆக வெளியே இருப்பவர்கள் கலங்கிப்போவார்கள். நீண்ட நேரம் என்பதே கெட்ட செய்தி என்று கொள்ள வேண்டாம்.

வாயும் தொண்டையும் வீங்கும் என்பதால் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் வைக்கக்கூடும். காற்று குரல்நாண்களைத் தொடாமல் வெளியேறுவதால் குரல் வராது. குரல் போய்விடவில்லை. வீக்கம் வடிந்தபின் குழாயை எடுத்துத் துளையை மூடினால் திரும்ப வரும். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் இது முடியும். அதுவரை பேச்சுக்குப் பதிலாக என்ன என்பதை அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவருக்குச் சிலேட்டோ நோட்டோ போதும். எழுதத் தெரியாதவருக்கு வலி, தாகம், சளி, சிறுநீர், குளிர், மூச்சுத் திணறல் என்று படம் வரைந்த அட்டை செய்து, விரலால் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். இந்தச் சிறு ஏற்பாடு அந்த முதல் இரவுகளில் அவருடைய தவிப்பைப் பாதியாகக் குறைக்கும்.

ஒட்டிய சதையை முதல் இரண்டு மூன்று நாட்கள் அடிக்கடி வந்து பார்ப்பார்கள். அது வெதுவெதுப்பாகவும் இயல்பான நிறத்திலும் இருக்க வேண்டும். நீலமாகவோ வெளிறியோ மாறினால் நிமிடமும் தாமதிக்காமல் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டும் நாடா இறுகக் கூடாது. தலையை ஒரு பக்கமாகத் திருப்பவும் கூடாது. கழுத்திலிருந்து வெளியே வரும், காயத்தின் நீரை வடிக்கும் டிரெயின் குழாயில் நாளுக்கு எவ்வளவு வடிகிறது என்று குறிப்பார்கள். அளவு நன்றாகக் குறைந்தபின் அதை எடுப்பார்கள். வடியும் நீர் திடீரெனப் பால்போல வெண்மையானால் அது நிணநீர்க் கசிவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

காது மடலும் கழுத்துத் தோலும் மரத்துப்போவது இயல்பு. கீழுதடு ஒரு பக்கம் சற்று இழுத்துக்கொள்வது பலருக்கு மாதங்களில் சரியாகும். தோள் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கழுத்து முடிச்சுகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு இழுபட்டிருக்கும். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல், நாளடைவில் தோள் இறுகிப்போகும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து விடாமல் செய்ய வேண்டும்.

மூக்குக் குழாய் வழி உணவு

வாய்க் காயம் ஆறும்வரை மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் உணவு. அதை ஊற்றுவது வீட்டாரின் பொறுப்பு. இங்கேதான் ஒருவர் தேறுவதும் மெலிவதும் தீர்மானமாகிறது. கஞ்சித் தண்ணீர், இளநீர், பருப்புத் தண்ணீர், பழச்சாறு என்று நாள் முழுவதும் ஊற்றியும் ஆள் எலும்பும் தோலுமாக இளைப்பதைப் பார்க்கிறோம். வயிறு நிறைகிறது, சத்துப் போகவில்லை.

பொதுவான கணக்கு இது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 1800 கலோரியும் 72 முதல் 90 கிராம் புரதமும் தேவை. ஒரு லிட்டர் பாலில் சுமார் 32 கிராம் புரதம், நான்கு முட்டையில் 24 கிராம், ஐம்பது கிராம் பொட்டுக்கடலையில் 10 கிராம், ஐம்பது கிராம் பருப்பில் 11 கிராம். இவற்றைப் பகிர்ந்து கொடுத்தாலே தேவை கிட்டத்தட்ட நிறைவடையும். கேழ்வரகை முளைகட்டி மாவாக்கிக் காய்ச்சிய கஞ்சியில் பால் சேர்க்கலாம். பருப்பும் காய்கறியும் குழைய வேகவைத்து அரைத்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு வடிகட்டலாம். முட்டையை வேகவைத்துப் பாலோடு அரைக்க வேண்டும். பச்சை முட்டை வேண்டாம். எதுவானாலும் மெல்லிய வடிகட்டியில் இரண்டு முறை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்; உணவியல் நிபுணரிடம் எழுதி வாங்குங்கள்.

ஊற்றும் முறையும் முக்கியம். நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது தலைமாடு நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். குழாயில் மூக்கு நுனியில் இருக்கும் அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி., இரண்டு மணிக்கு ஒருமுறை. ஊசிக்குழலில் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்தால் தானே இறங்கும், அழுத்தித் தள்ளாதீர்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். முடிந்தபின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இருமலோ புரையோ வந்தால் உடனே நிறுத்துங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் நீங்களே நுழைக்காதீர்கள். தையல் போட்ட இடம் கிழியும், நுரையீரலுக்குள் போகவும் கூடும். மாத்திரையைப் பொடித்துப் போடும் முன் அது பொடிக்கத்தக்கதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே எடைப் பொறியில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.

இறுதி அறிக்கையைப் படிப்பது

அறுவையில் எடுத்த சதையைப் பரிசோதித்து வரும் அறிக்கை பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் கிடைக்கும். அடுத்த சிகிச்சை முழுவதும் இதைப் பொறுத்தது. தேடி வாங்க வேண்டியது உங்கள் கடமை. யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

அதில் கட்டியின் அளவு, சதைக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது, வெட்டிய ஓரத்துக்கும் நோய்க்கும் இடைவெளி எவ்வளவு, நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா, எத்தனை முடிச்சுகளை எடுத்து எத்தனையில் நோய் இருந்தது, முடிச்சின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா என்பவை இருக்கும். ஓர இடைவெளி 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. கட்டி சிறியதாக, ஓரம் சுத்தமாக, முடிச்சுகளில் நோய் இல்லாமல், வேறு கெட்ட அறிகுறியும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். கட்டி பெரிதாக இருந்தாலோ, முடிச்சுகளில் நோய் இருந்தாலோ, நரம்பைச் சுற்றிப் பரவியிருந்தாலோ கதிர்வீச்சு பற்றிப் பேசுவார்கள். ஓரத்தில் நோய் எஞ்சியிருந்தாலோ முடிச்சின் உறையைத் தாண்டியிருந்தாலோ கதிர்வீச்சோடு கீமோவும் (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) சேரும். மருத்துவர் "ஒன்றும் வேண்டாம்" என்றாலும், "வேண்டும்" என்றாலும், அறிக்கையின் எந்த வரியை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கதிர்வீச்சு: மாஸ்க் முதல் கடைசி நாள் வரை

அறுவையின் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே திட்டமிடும் சி.டி. எடுக்கப் போய்விட வேண்டும். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி, அது இறுகியதும் உங்கள் முகத்துக்கே உரிய மாஸ்க் தயாராகும். தினமும் அதைப் போட்டு மேசையோடு பிணைத்துத்தான் சிகிச்சை. மூச்சு விடலாம், பார்க்கலாம். ஆனால் அசைய முடியாது. அடைந்த இடத்தில் பயப்படுபவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். கை தூக்கினால் உடனே நிறுத்திவிடுவார்கள், கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வழக்கமான அளவு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரத்தில் 30 முறையாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அபாயம் கூடிய இடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தருவதுண்டு. மேசையில் படுத்திருப்பது ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் இருக்கலாம். அந்த நேரத்தில் வலி எதுவும் தெரியாது. வெளியே வந்தபின் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வீசாது. பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தாத்தாவைத் தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கிவைக்கும் கொடுமையை யாரும் செய்யாதீர்கள்.

முதல் வாரம் சுலபமாகப் போகும். இரண்டாவது வாரத்தில் நாக்கில் ருசி மாறும், எச்சில் பிசினாகும். மூன்று, நான்கில் வாய்க்குள் புண் வெடிக்கும். ஐந்து, ஆறாவது வாரங்களும், முடிந்த பிறகான இரண்டு வாரங்களும்தான் மிகக் கடுமையானவை. அதன்பின் மெல்ல ஆறும். இந்த வரிசையை முன்பே சொல்லிவைத்தால், நான்காவது வாரத்தில் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்த நினைக்க மாட்டார்கள். தீபாவளி, கல்யாணம், அறுவடை எதற்காகவும் நாள் விடாதீர்கள். இடைவெளி விழுந்தால் சிகிச்சையின் பலன் குறைகிறது. இயந்திரம் பழுதாகி நாள் போனால் அதை எப்படி ஈடுசெய்வார்கள் என்று கேளுங்கள்.

வாய் கொப்பளிப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்புங்கள். கடையில் விற்கும் எரிச்சலூட்டும் மவுத்வாஷ் வேண்டாம். வெள்ளைப் படலம் படர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. வலிக்கு மாத்திரை கேட்கத் தயங்காதீர்கள். தேவைப்பட்டால் மார்ஃபின் தருவார்கள்; மருத்துவர் சொன்னபடி வலிக்காக எடுத்துக்கொண்டால் அடிமையாகிவிடுவோம் என்று பயந்து சாப்பாட்டை விடுவதுதான் பெரிய தீங்கு. எடை மிகவும் குறைந்தால் மாஸ்க் தொளதொளவென்று ஆகி, மறுபடி திட்டமிட வேண்டிவரும்.

கழுத்துத் தோல் கறுத்து உரியும். மஞ்சள், சந்தனம், பவுடர், எண்ணெய் எதையும் நீங்களாகப் பூசாதீர்கள். காலரில்லாத பருத்திச் சட்டை போடுங்கள். பிளேடால் சவரம் வேண்டாம். கதிர் படும் இடத்தில் தாடி முடி உதிரும். தலைமுடி முழுவதும் கொட்டாது.

கீமோவும் சேர்ந்தால் பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. வாரம் ஒருமுறையோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ தருவார்கள். இது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. அதனால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தண்ணீர் நிறையப் போக வேண்டும். காதில் இரைச்சல் கேட்டாலோ கேட்கும் திறன் மந்தமானாலோ அடுத்த மருந்து ஏற்றும் முன் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நாட்களில் மூலிகைக் கஷாயம், பஸ்பம் எதையும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

அறுவைக்குப் பின் எந்தக் கட்டத்திலும் கழுத்திலிருந்தோ வாயிலிருந்தோ பளிச்சென்ற சிவப்பு இரத்தம் வந்தால், கொஞ்சமாக வந்து நின்றுவிட்டாலும், அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். பெரிய இரத்தக் கசிவுக்கு முன் இப்படிச் சிறிதாக வருவதுண்டு.

வாயைத் திறந்துகொண்டே இருங்கள்

அறுவையும் கதிர்வீச்சும் தாடைத் தசைகளை இறுக்கிவிடும். ஒருவர் தம் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிந்தால் வாய் இயல்பாகத் திறக்கிறது என்று பொருள். விட்டுவிட்டால் ஒரு விரல்கூட நுழையாத நிலை வரும். சோறு போகாது, பல் துலக்க முடியாது, மறுபடி நோய் வந்தால் மருத்துவரால் உள்ளே பார்க்கவும் முடியாது. பல மருத்துவமனைகளில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள். கடைவாய்ப் பற்களுக்கிடையே தாங்கும் அளவுக்குக் குச்சிகளை வைத்துச் சற்று நேரம் பிடித்து, சில நாளுக்கொருமுறை ஒரு குச்சியைக் கூட்டுவார்கள். எப்போது தொடங்குவது என்பதை அறுவை நிபுணரிடம் கேளுங்கள். கதிர்வீச்சின் வலி நாட்களிலும் விடாமல், முடிந்தபின் ஓராண்டுக்கு மேலும் தொடர வேண்டும். இறுக்கம் மாதங்கள் கழித்தும் வந்துசேரும்.

விழுங்கும் தசைக்கும் இதே நியதி. மூக்குக் குழாய் இருந்தாலும், மருத்துவர் அனுமதித்தால் தினமும் கொஞ்சம் வாய்வழி விழுங்கிப் பழக வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் இருக்கும் மருத்துவமனை என்றால் விட்டுவிடாதீர்கள். முகம் மாறியதும் பேச்சு குழறுவதும் மனத்தை வெகுவாகப் பாதிக்கும். பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு விசேஷங்களுக்கே போகாமல் இருந்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடவையுங்கள். அவர் மெதுவாகச் சாப்பிடட்டும், நீங்களும் மெதுவாகச் சாப்பிடுங்கள். அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவரே பேசி முடிக்கட்டும்.

பணமும் பயணமும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் எடுக்கலாம். அறுவைக்கு ஒப்புதல் கிடைத்ததும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் தனியே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அதற்கான நாளையும் ஆறு வாரக் கணக்குக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி இரண்டிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை கையொப்பமிட்ட படிவம் வேண்டும். ஆறு வாரத் தங்கலுக்கு லாட்ஜ் பார்க்கும் முன், மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். குறைந்த செலவில் தங்கும் விடுதிகள் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும்.

முடிந்த பிறகு

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால் அந்தக் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாண்டு வரை நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அதற்கப்பால் ஆண்டுக்கு ஒருமுறையும் போய்க் காட்ட வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். புதிய புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, காதுவரை பாயும் வலி, விழுங்கும்போது தடை என்று ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் குறித்த தேதிவரை காத்திருக்காதீர்கள். புகையிலையில் ஊறிய வாயில் வேறோர் இடத்தில் புதிதாகவும் நோய் தோன்றலாம்.

கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையக்கூடும். சோர்வு, எடை கூடுவது, குளிர் தாங்காமை என்று வந்தபின் அலைவதைவிட, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்சில் குறைந்த வாயில் பற்கள் வேகமாகச் சொத்தையாகும். ஃபுளோரைடு ஜெல்லைத் தினமும் போடும் முறையைப் பல் மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள். பத்து ஆண்டு கழித்துப் பல் வலித்தாலும், பிடுங்கச் சம்மதிக்கும் முன், தாடையில் கதிர்வீச்சு பெற்றவர் என்று அந்தப் பல் மருத்துவரிடம் சொல்லி, எந்த அளவு, எந்தப் பக்கம் என்ற சிகிச்சைச் சுருக்கத்தைக் காட்டுங்கள். அந்தத் தாளை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி, குடும்ப அட்டையோடு பத்திரமாக வைத்திருங்கள்.